பவளத்திற்கு உகந்த ஒளி

2019ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் நான் பெர்லின் நகரில், கல்லூரி நாளிலிருந்தே எனக்கு நண்பரான ஒருவரின் இல்லத்தில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. முந்நூறு லிட்டர் உப்புநீர்; அதனுள்ளே பாறை; பாறையின்மேல் விரல் விரலாகக் கிளைத்த உயிர்ப் பவளங்கள். அவை கடலிலிருந்து பெயர்த்து எடுத்தவை அல்ல. வேறொருவர் தொட்டியில் வளர்ந்த பவளத்தின் கிளைத் துண்டிலிருந்து தழைத்தவை. தொட்டிக்கு மேலே, எல்.இ.டி. என்று கடைகளில் வழங்கும் சிறு விளக்குகள் பல பதித்த பலகை ஒன்று தொங்கிற்று. வெண்மை, நீலம், கருநீலம், ஊதா, பச்சை, சிவப்பு என ஆறு நிறங்கள். அவற்றுள் எதனைக் கூட்டவும் குறைக்கவும் நண்பர் தம் கைப்பேசியில் விரலை நகர்த்தினால் போதும்.

அந்த விளக்கை அவர் வாங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. விருந்தினன் நான் நன்றாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையால், வெண்மையை முழு அளவிற்கு உயர்த்திச் சிவப்பையும் சற்றுச் சேர்த்து வைத்தார். தொட்டி நண்பகல்போல் விளங்கிற்று. மீன்களின் செம்மையும் மஞ்சளும் பளிச்சிட்டன. நானும் வியந்து பாராட்டினேன். பத்தாம் நாள் காலையில் நாங்கள் கண்டது வேறு காட்சி. பழுப்பு நிறமாயிருந்த கிளைகளுள் மூன்று, நுனியிலிருந்து கீழ்நோக்கி வெளுத்துக்கொண்டு வந்தன. நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “விளக்கின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன், யாருக்காகத் தேர்ந்தெடுக்கிறேன் என்று கேட்டுக்கொள்ள மறந்துவிட்டேன்” என்றார்.

நான் வரலாறு கற்பிப்பவன். கடல்வாழ் உயிர்களைப் பற்றிய அறிவு எனக்கு அப்போது மிகக் குறைவு. ஆயினும், அன்று அவர் கூறிய அச்சொல் என்னை விடவில்லை. பவளத்திற்கு எந்த நிற ஒளி வேண்டும் என்பதை மனிதன் எப்போது அறிந்தான், எவ்வாறு அறிந்தான் என்று தேடத் தொடங்கினேன். தேடிக் கண்டதை, இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவ நண்பர்களுக்குக் கூற விரும்புகிறேன். ஒரு சிறு விளக்கின் கதைதான். எனினும், ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டு உழைப்பு அதனுள் அடங்கியிருக்கிறது.

பவளத்தை வீட்டில் வைத்து வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஆனா தைன் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1846ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டார்க்கி என்னும் ஊரில் சிறிய கல் பவளங்களைக் கண்டார். அவற்றைக் கடற்பஞ்சு ஒன்றில் ஊசியும் நூலும் கொண்டு தைத்து, நீர் நிறைந்த சாடியில் இட்டு இலண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல்நீர் எளிதில் கிடைக்காத நகரில் அவற்றை எவ்வாறு காப்பது? நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்குச் சாளரத்தின் அருகில் நாள்தோறும் அரைமணி நேரத்திற்கு மேலாக ஊற்றி ஊற்றிக் காற்றூட்டச் செய்தார். அடுத்த ஆண்டில் கடற்பாசிகளையும் உடன் இட்டார். பவளங்கள் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்தன, குஞ்சும் பொரித்தன.

இவ்வெற்றிக்குப் பின் கண்ணாடித் தொட்டி ஐரோப்பாவில் பெருவழக்காயிற்று. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் இல்லம் திறக்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்பார் எழுதிய நூல் கடல்நீர்த் தொட்டியைப் பல இல்லங்களுக்கும் கொண்டு சென்றது. ஆயின், வெப்பமண்டலக் கடலின் பாறை கட்டும் பவளங்களை இவ்வாறு வளர்ப்பது மிக நீண்ட காலம் கைகூடவில்லை. காரணம் இப்போது நமக்குத் தெரியும். தைன் அம்மையார் வளர்த்தது குளிர்ந்த கடலின் பவளம். இரையைப் பிடித்து உண்டு வாழ்வது. ஒளியை நம்பி வாழாதது. நீரும் காற்றும் உணவும் செம்மையாக இருந்தால் அதற்குப் போதும். வெப்பக் கடலின் பவளமோ ஒளியின்றி வாழ வல்லதன்று. அக்காலத்தார் நீரைப் பற்றியே எண்ணினர். நீரின்மேல் விழும் ஒளியைப் பற்றி எண்ணவேண்டிய தேவை அவர்களுக்குத் தோன்றவில்லை.

அந்தத் தேவையை உணர்த்தியவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். பவளம் முதலிய கடலுயிர்களின் உடலுக்குள் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுள்ள சிறு உயிரணுக்கள் குடியிருப்பதைக் கண்டு, 1881இல் கார்ல் பிராண்ட் என்னும் செருமானிய அறிஞர் அவற்றிற்குப் பெயரிட்டார். அவை நுண்பாசிகள். அவை அங்கே என்ன செய்கின்றன என்பது பெரும்புதிராக இருந்தது. 1928–29ஆம் ஆண்டுகளில் மாரிஸ் யாங் என்பாரின் தலைமையில் பிரிட்டிஷ் அறிஞர் குழு ஒன்று ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டில், லோ தீவுகளில் தங்கி ஆராய்ந்தது. அவர்கள் பவளங்களை ஒளி புகாத பெட்டிகளில் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தனர். இருளில் இருந்த பவளங்கள் தம்முள் இருந்த பாசிகளை வெளியேற்றி வெளுத்துப் போயின.

எனினும், பாசிகளால் பவளத்திற்கு உணவு கிடைக்கிறது என்பதை யாங் அன்று ஒப்பவில்லை. அறிவியலில் ஒரு கருத்து மாறுவதற்கு ஒரு தலைமுறை வேண்டியிருக்கிறது. 1958இல் மஸ்கடைன், ஹேண்ட் ஆகிய இருவர், பாசி ஆக்கிய உணவு அதற்கு இடங்கொடுத்த கடற்சாமந்தியின் உடலுக்குள் செல்வதைக் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு காட்டினர். மறு ஆண்டில், ஜமைக்காவில் ஆராய்ந்த தாமஸ் கோரோ, ஒளியில் இருக்கும் பவளம் இருளில் இருப்பதைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாகச் சுண்ணாம்பைப் படியவைக்கிறது என்று அளந்து கூறினார். பவளம் பாறை கட்டுவதற்குக் கதிரவன் வேண்டும் என்பது இவ்வாறு உறுதியாயிற்று. அதன் உடலுக்குள்ளே ஒரு வயல் இருக்கிறது. அவ்வயலுக்கு வெயில் வேண்டும்.

இனி, அந்த வெயிலின் நிறம் என்ன என்பது அடுத்த வினா. கடலுக்குள் இறங்கும் வெயில் நாம் முற்றத்தில் காணும் வெயிலன்று. இவ்வினாவிற்கு விடைகண்டவர் வரிசையில் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஒருவருக்கும் இடமுண்டு. 1921இல் சர் சி. வி. இராமன் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா என்னும் கப்பலில் திரும்பி வந்தார். கடலின் நீலம் வானத்தின் நீலத்தினுடைய எதிரொளியே என்று ராலே பிரபு கூறியிருந்தார். இராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தை எடுத்து, நீர்ப்பரப்பில் எதிரொளிக்கும் வானொளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் ஆழ்ந்து தோன்றிற்று. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் எழுதினார். அதனோடு, நீர் செந்நிற ஒளியை மிகுதியாக விழுங்குவதும் சேர்ந்தே கடலுக்கு நீலத்தைத் தருகிறது.

அந்த விழுங்குதலின் அளவைச் சற்று எண்ணிப் பாருங்கள். தூய நீரில் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள செந்நிற ஒளி ஐந்து மீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பத்து மீட்டரில் நூற்றில் மூன்று பங்குதான் எஞ்சுகிறது. நீல ஒளியோ, தெளிந்த கடலில் நூறு மீட்டருக்கும் கீழே செல்லும். 1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் பெர்முடா அருகில் வில்லியம் பீபி, ஆட்டிஸ் பார்ட்டன் ஆகிய இருவரும் இரும்புக் கோளம் ஒன்றில் அமர்ந்து 923 மீட்டர் ஆழம் இறங்கினர். முதலில் சிவப்பும், பிறகு மஞ்சளும் பச்சையும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து, நீலமே எஞ்சி நின்று, அதுவும் இருளில் கரைவதை இத்தகைய பயணங்களிலே பீபி கண்ணாரக் கண்டு எழுதினார். ஆகவே பத்து, இருபது மீட்டர் ஆழத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பவளத்திற்கு ‘பகல்’ என்பது நீலநிறமானது. அதனுள் வாழும் பாசியின் நிறமிகளும் நீல ஒளியையே நன்கு பற்றிக்கொள்கின்றன.

இவ்வளவும் ஏட்டில் இருந்தன. தொட்டி வளர்ப்போர் கையில் விளக்கு இல்லை. 1956இல் நியூ கலிடோனியத் தீவின் நூமேயாவில் ரெனே கத்தாலா என்னும் பிரெஞ்சு அறிஞர் அமைத்த காட்சிச்சாலையில் பவளங்கள் வாழ்ந்தது, கடல்நீரும் கதிரொளியும் இயல்பாகவே கிடைத்தமையால். 1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பார், கடற்பாறையும் காற்றுக் குமிழும் வெயிலுமே கொண்டு தொட்டியில் பவளங்களை வாழச்செய்து அம்முறையை எழுதி வெளியிட்டார். இருவருக்கும் விளக்குத் தந்தது வெப்பமண்டல வானம். குளிர்நாட்டவர் அவ்வானத்தை வீட்டிற்குள் கொண்டுவர முயன்றனர். 1980களில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் உலோக ஹாலைடு விளக்குகளின் பேரொளியையும், அதற்குத் துணையாக நீலக் குழல்விளக்குகளையும் பயன்படுத்திக் கிளைப் பவளங்களை வளர்த்தனர். வளர்ந்த கிளைகளை முறித்து ஒருவருக்கொருவர் வழங்கினர். என் நண்பர் வீட்டுப் பவளமும் அவ்வழக்கத்தின் வழிவந்ததே. ஆயினும் அவ்விளக்குகள் அனல் வீசின. மின்சாரத்தை மிகுதியாக உண்டன. நிறத்தை மாற்ற வேண்டுமானால் விளக்கையே மாற்ற வேண்டும்.

இத்தடையை நீக்கியது ஜப்பானில் பிறந்த நீல ஒளி. கண்ணுக்குப் புலனாகும் செந்நிற ஒளியுமிழ் டையோடை 1962இல் நிக் ஹோலோன்யாக் அமெரிக்காவில் ஆக்கியிருந்தார். நீலம் மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு எவர் கைக்கும் சிக்கவில்லை. காலியம் நைட்ரைடு என்னும் பொருளைப் பழுதற்ற படிகமாக வளர்ப்பது அத்துணை அரிதாக இருந்தது. பலர் முயன்று கைவிட்டனர். அகசாகி, அமானோ ஆகிய இருவரும் 1980களின் பிற்பகுதியில் அப்படிகத்தை வசப்படுத்தினர். நகமுரா 1993இல் ஒளிமிகுந்த நீல விளக்கை உலகிற்குக் காட்டினார். 2014இல் இம்மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் இல்லங்களில் எரியும் வெண்ணிற எல்.இ.டி. விளக்கும் பெரும்பாலும் நீல விளக்கே. அதன்மேல் பூசிய மஞ்சள் நிற ஒளிர்பொருள், நீலத்தின் ஒரு பகுதியை மாற்றி வெண்மையாக நமக்குக் காட்டுகிறது. வீட்டைக் காக்கவும் வீதியை விளக்கவும் தேடிய நீலம், பவளத் தொட்டிக்குக் கடலின் ஒளியையே கொண்டுவந்து சேர்த்தது.

நீல ஒளியால் மற்றொரு வியப்பும் வெளிப்பட்டது. ஆழத்திலிருந்து எடுத்த பவளங்களின்மேல் கத்தாலா 1950களின் பிற்பகுதியில் புறஊதா ஒளியைப் பாய்ச்சினார். மங்கிய பழுப்பாகத் தோன்றியவை பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் தீப்பொறிபோல் ஒளிர்ந்தன. பவளத்தின் உடலிலுள்ள சில புரதங்கள் நீலத்தையும் ஊதாவையும் வாங்கி, வேறு நிறமாக்கி வெளியிடுகின்றன. அவை வெறும் அணிகலன் அல்ல. மேல்மட்டத்துப் பவளங்களில் இவை கடும்வெயிலிலிருந்து பாசிகளைக் காக்கும் குடையாகின்றன என்று 2000ஆம் ஆண்டிலும், ஆழத்துப் பவளங்களில் நீலத்தைச் செம்மஞ்சளாக்கிப் பாசிக்கு ஊட்டும் கரண்டியாகின்றன என்று 2017ஆம் ஆண்டிலும் ஆராய்ச்சிகள் வெளிவந்தன. பச்சையாய் ஒளிரும் பவளத்தைப் பார்த்து நாம் மகிழும்போது, அது தன் குடையை விரித்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

இவ்வளவும் அறிந்தபின், விளக்கின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை தானே விளங்கும். 450 முதல் 470 நானோமீட்டர் வரையுள்ள நீலம் அடித்தளமாக இருத்தல் வேண்டும். அதுவே பவளத்தின் சோறு. 400 முதல் 430 வரையுள்ள ஊதா, பவளத்தின் ஒளிர்நிறங்களை எழுப்பும் துணை. வெண்மை, மீனும் பாறையும் நம் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் அளவிற்குப் போதும். சிவப்பு மிகக் குறைவாக இருப்பதே நலம். செந்நிற ஒளி கிளைப் பவளம் ஒன்றின் நலத்தைக் குன்றச் செய்ததாக 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. அது பாறைப்பாசிகளையும் தழைக்கச் செய்யும்.

நிறத்தோடு அளவும் எண்ணத்தக்கது. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை, ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு இத்துணை மைக்ரோமோல் என்று அளப்பர். வெப்பமண்டலத்து நண்பகலில் கடல்மேற்பரப்பில் அது ஏறத்தாழ 2000. தொட்டியில் மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரையும், கிளைப் பவளங்களுக்கு 200 முதல் 350 வரையும் போதுமென வளர்ப்போர் கொள்கின்றனர். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேர ஒளி, பின்னர் இருள். புது விளக்கை முதல் நாளே முழு அளவில் ஏற்றுதல் ஆகாது. குறைந்த அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக உயர்த்துதல் வேண்டும். என் நண்பர் செய்த பிழை, வெண்மையைக் கூட்டியது மட்டுமன்று. ஒரே நாளில் கூட்டியதும் ஆகும். பொறுக்கும் அளவிற்கு மேல் ஒளி பாயும்போது, பாசியின் ஒளிச்சேர்க்கையே நஞ்சான ஆக்சிஜன் பொருள்களைத் தோற்றுவிக்கிறது. பவளம் தனக்குச் சோறிட்ட பாசியையே வெளியே தள்ளிவிடுகிறது. வெளுத்த பவளம் அக்கணமே இறந்த பவளம் ஆகாது. அது பட்டினி கிடக்கும் பவளம்.

மாணவ நண்பர்களே, இக்கதையைக் கேட்டதும், நம் மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு பவளத்தைக் கொண்டுவந்து வீட்டில் வளர்த்தால் என்ன என்று உங்களுள் யாருக்கேனும் தோன்றலாம். அவ்வெண்ணத்தை அறவே விட்டுவிடுங்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அச்சட்டத்திற்குக் காரணமும் உண்டு. தூத்துக்குடிக் கடலோரத்தில் சுண்ணாம்பிற்காகவும் கட்டடத்திற்காகவும் பவளப் பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்தனர். அலையைத் தடுத்த பாறை போனபின், அங்குள்ள சிறு தீவுகளுள் இரண்டு நீருக்குள் மூழ்கின. 1986இல் அமைந்த கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவின் இருபத்தொரு தீவுகளுள் அவையும் எண்ணப்பட்டவை.

அக்கடலில் விளக்கின் நிறத்தை மாற்ற எவராலும் ஆகாது. ஆனால், நீரின் வெப்பம் உயரும்போது, பழகிய வெயிலே பவளத்திற்குப் பொறுக்கலாகாத வெயிலாகிவிடுகிறது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. பெர்லின் நகரத்துக் கூடத்தில் பத்து நாளில் நான் கண்டதும் அங்கே நிகழ்ந்ததும் உடலளவில் ஒன்றே. ஒன்றில் வேறுபாடு உண்டு: தொட்டியின் ஒளியை ஒரு விரலால் குறைக்கலாம், கடலின் சூட்டைக் குறைப்பதற்கு மனித இனம் முழுவதும் கை கொடுக்க வேண்டும்.

நண்பர் அன்றே வெண்மையைப் பெரிதும் குறைத்தார். சிவப்பை முற்றும் நீக்கினார். நீலத்தையும் பாதிக்குக் கீழே வைத்தார். கூடம் அந்திப்பொழுதுபோல் மங்கிற்று. நான் ஊர் திரும்பி இரண்டு திங்கள் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. வெளுத்த கிளைகளுள் ஒன்று இறந்துவிட்டது. மற்ற இரண்டும் அடியிலிருந்து மீண்டும் பழுப்பேறி வருகின்றன என்று எழுதியிருந்தார். கடிதத்தின் இறுதியில் ஒரு வரி இருந்தது: “இப்போது தொட்டி உன் கண்ணுக்கு அவ்வளவு அழகாயிராது, ஆனால் பவளத்திற்குப் பகலாகியிருக்கிறது.”